கண்ணாடித் தகட்டில் உழைப்பாளியின் முகம்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் மனிதர் ஒரு போட்டோகிராபர். கலியாணம், திருவிழா, கோர்ட்டு, களத்துமேடு, மலை, வயல் என்று தன் வட்டாரத்தையே படம் பிடித்துப் பிழைத்தவர். "கூலியைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் பேச வேண்டிய மேடையில் போட்டோக்காரர் கதை எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். கூலியும் நிலமும் இந்தக் கதைக்குள்ளேயே இருக்கின்றன.

அவர் பெயர் மார்ட்டின் சாம்பி. அவருடைய நாடு பெரு. தென் அமெரிக்காக் கண்டத்தின் மேற்குக் கரையில், ஆண்டிஸ் என்ற மாபெரும் மலைத்தொடரைச் சுமந்து கிடக்கும் நாடு அது. பெரு எங்கே, நாம் எங்கே? ஆனால் நம் வீட்டு அடுப்பங்கரைக்கும் அந்தக் கண்டத்துக்கும் பழைய உறவு உண்டு. உருளைக்கிழங்கைக் காட்டிலிருந்து வயலுக்குக் கொண்டுவந்து பயிராக்கியவர்கள் ஆண்டிஸ் மலை விவசாயிகள். மணிலாக்கொட்டை என்று நாம் சொல்கிற நிலக்கடலை தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. குழம்புக்குக் கிள்ளிப் போடுகிற மிளகாயும் அமெரிக்கக் கண்டத்து உழவன் உலகத்துக்குக் கொடுத்ததுதான். உலகத்துக்கே சோறும் காரமும் கொடுத்த அந்த உழவனின் பெயர் நம்மில் யாருக்காவது தெரியுமா? தெரியாது. அவன் முகம் எப்படி இருக்கும்? அதுவும் தெரியாது.

அந்த முகத்தை உலகத்துக்குக் காட்டியவர்தான் சாம்பி. அவரும் அந்த உழவர் குலத்திலேயே பிறந்தவர் என்பதுதான் இதில் விசேஷம்.

சுரங்கத்துக்குப் போன சிறுவன்

1891-ம் ஆண்டு நவம்பர் 5-ந் தேதி, பெருவின் தெற்கே பூனோ மாகாணத்தில் கோவாசா என்ற மலைக்கிராமத்தில் சாம்பி பிறந்தார். பெற்றோர் விவசாயிகள். வீட்டில் பேசிய மொழி கெச்சுவா. இன்கா மன்னர்கள் ஆண்ட காலத்திலிருந்து அந்த மலைகளில் வழங்கும் மொழி அது.

அந்த நாட்டின் நிலைமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1532-ல் ஸ்பெயின் நாட்டுப் படை அங்கே நுழைந்தது. பொன்னையும் வெள்ளியையும் அள்ளியது, நிலத்தையும் பிடித்துக்கொண்டது. 1821-ல் பெரு சுதந்திரம் அடைந்தது. கொடி மாறியது. மலை நாட்டில் நிலம் மட்டும் உழுதவன் கைக்கு வரவில்லை. பெரும் பண்ணைகள் அப்படியே இருந்தன, பல வளர்ந்தன. பண்ணை நிலத்தில் ஒரு துண்டை உழுது பிழைக்க விட்டதற்கு ஈடாக, விவசாயி பண்ணையார் வயலில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். போதாததற்குப் 'போங்கோ' என்று ஒரு முறை. ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஆள் முறைவைத்துப் போய்ப் பண்ணையார் வீட்டில் வாசல் காத்து, விறகு சுமந்து, எடுபிடி வேலை செய்ய வேண்டும். அதற்கும் கூலி கிடையாது. பண்ணையாள் முறை என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பெயர்தான் வேறு, பாரம் ஒன்றுதான்.

சாம்பியின் தந்தை வயலை விட்டுத் தங்கச் சுரங்கத்துக்குப் போனார். வெளிநாட்டுக் கம்பெனியின் சுரங்கம் அது. மகனும் கூடப் போனான். அங்கே கம்பெனிக்காகப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு போட்டோகிராபரைச் சிறுவன் பார்த்தான். மூன்று கால் வைத்த ஒரு மரப்பெட்டி. அதற்கு மேல் கறுப்புத் துணி. துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒரு மனிதர்! மலையும் ஆறும் ஆளும் அந்தப் பெட்டிக்குள் போய் அடங்கிவிடுகின்றன. சிறுவன் மனம் அங்கேயே ஒட்டிக்கொண்டது. தொழிலின் அரிச்சுவடியை அங்கேதான் கற்றான்.

எத்தனையோ தொழிலாளர் பிள்ளைகள் இயந்திரத்தைக் கண்டால் இப்படித்தான் சொக்கி நிற்பார்கள். பெரும்பாலோருக்கு அந்த ஆசை வயிற்றுப்பாட்டில் கரைந்துபோகும். இந்தப் பையன் விடவில்லை. 1908-ல் அரெக்கிப்பா நகரத்துக்குப் போய், மாக்ஸ் வர்காஸ் என்ற பெயர்பெற்ற போட்டோகிராபரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். ஏறக்குறைய ஒன்பது வருஷம் அங்கே பழகினார். 1917-ல் சிக்குவானி என்ற சிற்றூரில் சொந்தமாக ஸ்டுடியோ வைத்தார். 1920-ல் இன்காக்களின் பழைய தலைநகரமான குஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தார். கடைசிவரை அதுவே அவர் ஊர்.

ரயிலும் ரோமமும்

சிக்குவானியை ஏன் தேர்ந்தெடுத்தார்? அங்கே ரயில் இருந்தது. ரோமச் சந்தை இருந்தது. ஆடு, லாமா, அல்பாக்கா என்ற மலைப்பிராணிகளின் ரோமம் அந்தச் சந்தைகளில் குவியும். அங்கிருந்து ரயிலில் கடற்கரைக்கு. கடற்கரையிலிருந்து கப்பலில் இங்கிலாந்துக்கு.

ஆலைத் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1836-ல் டைட்டஸ் சால்ட் என்ற இங்கிலாந்து வியாபாரி லிவர்பூல் துறைமுகத்தில் கேட்பாரற்றுக் கிடந்த அல்பாக்கா ரோமப் பொதிகளைக் கண்டார். அதை நூற்று நெய்யும் வழி கண்டுபிடித்துப் பெரும் பணக்காரரானார். 1850-களில் தன் பெயராலேயே ஓர் ஆலை நகரத்தைக் கட்டினார். ரோமத்தை வளர்த்துக் கத்தரித்துக் கொடுத்த மலையாயனுக்கு எந்த நகரத்தில் பெயர் இருக்கிறது?

ரயிலின் கதையும் அப்படித்தான். பெரு அரசாங்கம் வெளிநாட்டுக் கடனில் மூழ்கியது. கடன் கொடுத்தவர்களோடு 1889-ல் உடன்படிக்கை செய்துகொண்டு, நாட்டு ரயில்பாதைகளை 66 வருஷத்துக்கு அவர்கள் கம்பெனியிடம் ஒப்படைத்தது. லண்டனில் தலைமை அலுவலகம் வைத்திருந்த கம்பெனி அது. மலையும் பெருவினது, உழைப்பும் பெருவினது. டிக்கெட்டுக் காசு மட்டும் லண்டனுக்கு.

ரோடு போட்ட கதை ஒன்று உண்டு. சாம்பி குஸ்கோவுக்கு வந்த அதே 1920-ல் ஒரு சட்டம் வந்தது. 18 வயது முதல் 60 வயதுவரை உள்ள ஆண்கள் ஆண்டுக்கு 6 முதல் 12 நாள்வரை ரோடு வேலைக்கு வர வேண்டும். காசு உள்ளவன் பணம் கட்டித் தப்பலாம். காசில்லாதவன்தான் மண்வெட்டியைத் தூக்க வேண்டும். சட்டம் எல்லோருக்கும் பொது. பாரம் ஏழைக்கு மட்டும்! 1930-ல் அரசாங்கம் கவிழ்ந்த பிறகுதான் அந்தச் சட்டம் ஒழிந்தது. சாம்பி காமிராவைத் தூக்கிக்கொண்டு போன பாதைகள் இப்படிப்பட்டவர்கள் கையால் வெட்டப்பட்டவை.

கண்ணாடியும் வெளிச்சமும்

அந்தத் தொழில் எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் அந்த மனிதரின் உழைப்புப் புரியும்.

இன்றைக்கு எல்லோர் சட்டைப் பையிலும் காமிரா இருக்கிறது. விரலால் தொட்டால் படம். அன்றைக்கு அப்படியில்லை. மருந்து பூசிய கண்ணாடித் தகட்டில்தான் படம் விழ வேண்டும். பெரிய தகடு 18 சென்டிமீட்டருக்கு 24 சென்டிமீட்டர். ஒரு டஜன் தகடுகளே இரண்டு கிலோவை ஒட்டிய கனம். அதோடு மரக் காமிரா, முக்காலி, தகட்டுச் சட்டங்கள், கறுப்புத் துணி. இவ்வளவையும் கோவேறு கழுதைமேல் ஏற்றியும் ஆள்மேல் சுமத்தியும் மலையேற வேண்டும். கால் இடறினால் கண்ணாடி நொறுங்கும். நொறுங்கினால் போன படம் போனதுதான்.

குஸ்கோ நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் நீலகிரியின் தொட்டபெட்டாச் சிகரமே 2,637 மீட்டர்தான். நம் உயர்ந்த சிகரத்தைவிட உயரத்தில் ஒரு முழு நகரமே இருக்கிறது என்றால் அங்கே மூச்சு எப்படி வாங்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

முக்காலியை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால், பின்னாலுள்ள சொரசொரப்புக் கண்ணாடியில் உருவம் தலைகீழாகத் தெரியும். அதைப் பார்த்து நிதானம் செய்துகொண்டு, தகட்டைச் செருகி, மூடியைத் திறந்து மூட வேண்டும். அதுவரை எதிரே நிற்பவன் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். பிறகு இருட்டறையில் மருந்தில் ஊறப்போட்டுக் கழுவ வேண்டும். கழுவுவது குறைந்தால் சில வருஷத்தில் படம் மங்கிப்போகும். நூலில் முறுக்குக் குறைந்தால் துணி எப்படி நிற்காதோ, அப்படித்தான் இதுவும்.

சாம்பியின் ஸ்டுடியோவில் வெளிச்சம் கூரைக் கண்ணாடி வழியே இறங்கும். திரைகளை இழுத்தும் விட்டும் அந்த வெளிச்சத்தை அளந்து கொடுப்பார். முகத்தின் ஒரு பாதி துலங்கும். மறுபாதி நிழலில் நிற்கும். நெற்றிச் சுருக்கம், கை நரம்பு, கம்பளியின் முரட்டு இழை எல்லாம் அதில் தெரியும். மாகாண அதிகாரி வந்தாலும் அதே வெளிச்சம். செருப்பில்லாத விவசாயி வந்தாலும் அதே வெளிச்சம். அந்த நாட்டில் இருவரையும் சமமாக நடத்திய இடம் வேறு எத்தனை இருந்திருக்கும்?

ஒரே காமிரா, இரண்டு உலகம்

சாம்பி யார் காசில் பிழைத்தார்? வசதி படைத்தவர்கள் காசில்தான். பண்ணையார் குடும்பம், வியாபாரி, அதிகாரி, பாதிரியார் எல்லோரும் அவர் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். அவர்கள் வீட்டுக் கலியாணத்துக்கும் விருந்துக்கும் இவர் போனார். இதை மறைப்பதற்கில்லை. அவர் போராட்டத் தலைவரும் அல்லர். கூலிக்கு வேலை செய்த நுட்பமான தொழிலாளி. ஆனால் அந்த வருமானத்தில் தொழிலை நடத்திக்கொண்டு, யாரும் எடுக்கச் சொல்லாத படங்களையும் எடுத்தார். அந்தப் படங்கள்தான் இன்று உலகம் தேடிப் பார்க்கும் படங்கள்.

நாலு படங்களைச் சொல்கிறேன்.

முதல் படம், 1930-ல் எடுத்தது. குஸ்கோ மாகாண அதிகாரி ஹூலியோ கதேயாவின் கலியாணம். மணப்பெண் வெள்ளை உடையில் ஜொலிக்கிறாள். சுற்றிலும் கறுப்பு உடையில் பெரிய மனிதர்கள். பணம் இருக்கிறது, பதவி இருக்கிறது. ஒரு முகத்திலாவது மகிழ்ச்சி இருக்க வேண்டுமே? துக்கவீடு போல நிற்கிறார்கள். பணம் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டவர்களின் உள்ளத்தையும் காமிரா பிடித்துவிட்டது.

இரண்டாவது படம் 1929-ல். குஸ்கோ நீதிமன்றத்தில் மலை விவசாயிகள். அந்தக் கோர்ட்டின் மொழி ஸ்பானிஷ். விவசாயியின் மொழி கெச்சுவா. அவன் சொல்வது நீதிபதிக்குப் புரியாது. நீதிபதி சொல்வது அவனுக்குப் புரியாது. நடுவில் இருப்பவன் சொல்வதுதான் சாட்சியம். தன் பாட்டன் உழுத நிலத்துக்குத் தானே அந்நியனாக நிற்பது என்றால் என்ன என்பதை, இரண்டு மணி நேரப் பேச்சைவிட அந்த ஒரு படம் தெளிவாகச் சொல்கிறது.

மூன்றாவது, 1920-களில் எடுத்தது. உயரமான ஒரு போலீஸ்காரர் ஒரு தெருச் சிறுவனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பார்த்தவுடன் சிரிப்பு வரும். இரண்டாம் தடவை பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். அவ்வளவு பெரிய அரசாங்கம், அவ்வளவு சின்னப் பையன்!

நாலாவது படம்தான் எல்லாவற்றையும்விடப் பெயர் பெற்றது. ஹுவான் தெ லா குரூஸ் சிஹுவானா என்ற மலை மனிதர். இரண்டு மீட்டருக்கு மேல் உயரம். 'பாரூரோ ராட்சதன்' என்று அவரை அழைத்தார்கள். வேடிக்கைப் பொருளாக நிறுத்தியிருக்கலாம். சாம்பி அப்படி நிறுத்தவில்லை. அந்த மனிதர் நிமிர்ந்து நேராகப் பார்க்கிறார். உடம்பில் உடை, கந்தலுக்கு மேல் கந்தல். ஒட்டுக்கு மேல் ஒட்டு. அவ்வளவு பெரிய உடம்பு. அந்த உடம்பை மூட முழுத்துணி இல்லை. ரோமத்தைக் கப்பல் கப்பலாக உலகத்துக்கு ஏற்றுமதி செய்த வட்டாரத்து மனிதர் அவர் என்பதை மறந்துவிடாதீர்கள். நெசவாளி கட்டக் கிழிந்த வேட்டி என்பது நமக்கும் புதிய கதை இல்லையே!

மலையைக் கண்டுபிடித்தது யார்?

மச்சு பிச்சுவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குஸ்கோவுக்கு வடமேற்கே உருபாம்பா ஆற்றுக்கு மேல் மலைமுகட்டில் இன்காக்கள் கல்லால் கட்டிய நகரம். 1911 ஜூலை 24-ந் தேதி ஹைராம் பிங்காம் என்ற அமெரிக்கப் பேராசிரியர் அதைக் 'கண்டுபிடித்தார்' என்று பல புத்தகங்கள் சொல்கின்றன.

எப்படிக் கண்டுபிடித்தார்? மெல்சோர் ஆர்த்தேகா என்ற உள்ளூர் விவசாயிக்கு ஒரு வெள்ளிக்காசு கூலி கொடுத்தார். அவர் வழி காட்டினார். மேலே போய்ப் பார்த்தால், அந்தக் கல் படிக்கட்டு வயல்களில் விவசாயக் குடும்பங்கள் பயிர் செய்துகொண்டிருந்தன! ஒரு குடியானவச் சிறுவன்தான் பேராசிரியருக்கு இடிபாடுகளைச் சுற்றிக் காட்டினான். சுவரில் லிசார்ராகா என்ற உள்ளூர்க்காரரின் பெயர் 1902 என்ற வருஷத்தோடு கரியால் எழுதியிருந்தது. இவ்வளவுக்கும் பிறகு, கண்டுபிடித்தவர் என்று பெயர் வாங்கியவர் யார் என்று உங்களுக்கே தெரியும். அங்கே கிடைத்த பழம்பொருள்கள் அமெரிக்காவுக்குப் போயின. நூறு வருஷம் கழித்து, 2011-லும் 2012-லும்தான் யேல் பல்கலைக்கழகம் அவற்றைத் திருப்பிக் கொடுத்தது.

பிங்காம் எடுத்த படங்கள் 1913-ல் அமெரிக்கப் பத்திரிகையில் வெளிவந்து உலகப் புகழ் பெற்றன. 1920-களில் சாம்பி அங்கே ஏறினார். அதே மலை, அதே கல். ஆனால் பார்த்த கண் வேறு. பிங்காமுக்கு அது மறைந்துபோன அதிசய நகரம். சாம்பிக்கு அது பாட்டன் பூட்டன் கைவேலை. காலைப் பனி விலகும்வரை காத்திருந்து, கல்லின் பொருத்து ஒவ்வொன்றும் தெரியும்படி எடுத்தார். அந்தப் படங்களைத் தபால் அட்டைகளாக அச்சிட்டு விற்றார். லிமா பத்திரிகைகளுக்கும், ஆர்ஜென்டினாவின் 'லா நாசியோன்' பத்திரிகைக்கும் அவர் படங்கள் போயின. தங்கள் நாட்டு மலைச்சீமையை அந்தப் படங்களில்தான் முதன்முதலாகப் பார்த்த நகரவாசிகள் பலர்.

ஊர்ச் செய்தி

நாட்டுப்புறப் போட்டோகிராபர் என்பவர் அந்த ஊரின் நாட்குறிப்பு மாதிரி. குஸ்கோவில் 'கார்ப்பஸ் கிறிஸ்டி' திருவிழா வந்தால், சுற்றுப்புறத் திருச்சபைகளிலிருந்து சாமி உருவங்களைத் தோளில் சுமந்து ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள். நம் ஊரில் சப்பரம் வருவது போலத்தான். அதில் சாம்பியின் காமிரா நிற்கும். மக்காச்சோளக் கள் விற்கும் கடையிலும் நிற்கும். உருளைக்கிழங்கு அறுவடைக் களத்திலும் நிற்கும். 1934-ல் ஊருக்கு முதல் மோட்டார் சைக்கிள் வந்தபோது, அதில் ஏறி உட்கார்ந்த சொந்தக்காரரின் பெருமிதத்தையும் அது பிடித்து வைத்திருக்கிறது.

1950 மே 21-ந் தேதி குஸ்கோவில் பெரும் பூகம்பம். நகரத்தின் வீடுகளில் பாதிக்கு மேல் இடிந்தன. ஐம்பத்தெட்டு வயதுச் சாம்பி காமிராவோடு இடிபாடுகளுக்குள் இறங்கினார். ஸ்பானியர் கட்டிய சாந்தோ தொமிங்கோ மடத்தின் சுவர்கள் விழுந்தன. விழுந்த சுவருக்குள்ளிருந்து, நானூறு வருஷமாக மறைத்து வைத்திருந்த இன்காக்களின் சூரியக் கோயில் கற்சுவர் வெளியே தெரிந்தது. மேலே பூசியது உதிர்ந்தது. அடியில் இருந்தது நின்றது. அந்தப் பூகம்பத்துக்குப் பிறகு சாம்பி படம் எடுப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது.

படம் நிலம் தருமா?

"படத்தில் முகம் தெரிந்தால் வயிறு நிறையுமா?" என்று ஒரு விவசாயத் தோழர் கேட்கலாம். கேட்க வேண்டும்.

படம் நிலம் தராது. பாரூரோ மனிதரின் கந்தல் உலகப் புகழ் பெற்றது. அந்தப் புகழால் அவர் கந்தல் மாறவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாம்பி சில படங்களை நிறுத்தி வைத்து எடுத்தார். மலைச்சரிவில் ஒரு லாமா, பக்கத்தில் குழல் ஊதும் ஒருவர் என்று 1933-ல் எடுத்த படம் ஒன்று உண்டு. அழகான படம். பட்டணத்தில் இருப்பவர் அதை மாட்டி வைத்து, "ஆகா, மலை வாழ்க்கை எவ்வளவு அமைதி!" என்று பெருமூச்சு விடலாம். பண்ணையார் வீட்டு வாசலில் கூலியில்லாமல் காவல் நின்ற இரவு அந்தப் படத்தில் இல்லை. ஆகவே எந்தப் படத்தைப் பார்த்தாலும், இதை எடுத்தவர் யார், எடுக்கச் சொன்னவர் யார், சட்டத்துக்கு வெளியே விட்டது எது என்று கேட்டுப் பழக வேண்டும். பத்திரிகைப் படத்துக்கும் இதே விதிதான். இன்று கைக்குள் வந்து விழும் படங்களுக்கும் இதே விதிதான்.

நிலம் எப்படி வந்தது? 1928-லேயே பெருவின் சோஷலிஸ்டு அறிஞர் மரியாத்தெகி, பூர்வகுடி மக்களின் பிரச்சினை அடிப்படையில் நிலப் பிரச்சினையே என்று தன் நூலில் வாதாடினார். பள்ளிக்கூடமும் உபதேசமும் மட்டும் போதாது, பண்ணை முறை போக வேண்டும் என்றார். 1950-களின் கடைசியிலும் 1960-களின் தொடக்கத்திலும், அதே குஸ்கோ மாகாணத்து லா கொன்வென்சியோன் பள்ளத்தாக்கில் விவசாயிகள் சங்கம் கட்டினார்கள். கூலியில்லாத வேலைக்கு வரமாட்டோம் என்றார்கள். வேலை நிறுத்தம் செய்தார்கள். அந்த நெருப்பு மற்ற மாகாணங்களுக்கும் பரவியது. 1969 ஜூன் 24-ந் தேதி, வெலாஸ்கோ தலைமையில் இருந்த இராணுவ அரசாங்கம் நிலச்சீர்திருத்தச் சட்டம் போட்டது. பெரும் பண்ணைகளின் காலம் முடிந்தது. 1975-ல் கெச்சுவா ஆட்சிமொழி அந்தஸ்துப் பெற்றது. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் ஓட்டு உண்டு என்று 1979 அரசியல் சட்டம் சொன்னது.

சங்கம்தான் நிலத்தைக் கேட்டது. அப்படியானால் போட்டோ செய்தது என்ன? கேட்டவன் யார் என்பதற்குச் சாட்சியாக நின்றது. "இவர்கள் சோம்பேறிகள், நாகரிகம் அறியாதவர்கள், நிலம் கொடுத்தால் பாழாக்குவார்கள்" என்று பண்ணையார்கள் சொல்லிவந்த பொய்க்கு எதிரே, நேராகப் பார்க்கும் ஆயிரக்கணக்கான கண்களை நிறுத்தியது. அது சின்ன வேலை இல்லை.

பெயர் எங்கே?

1973-ல் சாம்பி குஸ்கோவில் காலமானார். கண்ணாடித் தகடுகள் பெட்டி பெட்டியாக வீட்டில் இருந்தன. மகள் ஹூலியாவும் மகன் விக்டரும் அவற்றைத் தூக்கி எறியவில்லை. 1977-ல் எட்வர்ட் ரானி என்ற அமெரிக்கப் போட்டோகிராபரும் குடும்பத்தாரும் தொண்டர்களும் உட்கார்ந்து, தகடுகளைத் தூசி தட்டிச் சுத்தம் செய்து வகைப்படுத்தினார்கள். 1979-ல் நியூயார்க்கின் நவீனக் கலை மியூசியத்தில் அவர் படங்களை மாட்டினார்கள். கோவாசா கிராமத்துக் குடியானவர் மகனை உலகம் வணங்கியது.

இங்கே ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.

அந்தப் படங்களின் தலைப்புகளைப் படித்துப் பாருங்கள். பெரிய மனிதர் படமென்றால் 'தோன் இன்னார் கலியாணம்' என்று முழுப்பெயர் இருக்கும். உழைப்பாளி படமென்றால்? 'விவசாயிகள்', 'குழந்தையோடு ஒரு பெண்', 'குழல் ஊதும் மனிதர்'. பாரூரோ மனிதரைப் போல ஒரு சிலர்தான் இதற்கு விலக்கு. முகம் துல்லியமாக இருக்கிறது, மருந்து மங்கவில்லை, கண்ணாடி உடையவில்லை. பெயர் மட்டும் இல்லை. அந்தக் குழந்தையோடு நின்ற தாய் யார்? கோர்ட்டில் நின்றவர்கள் எந்த நிலத்துக்காக நின்றார்கள்? தெரிந்தவர்கள் இறந்துபோனார்கள். இனி உலகத்தில் உள்ள எல்லா மியூசியமும் சேர்ந்தாலும் அந்தப் பெயர்களைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

இது பெருவின் கதை மட்டும்தானா? நம் சங்க அலுவலகச் சுவர்களைப் பாருங்கள். மாநாட்டுப் படம் தொங்கும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தலைவர்கள் பெயர் இடமிருந்து வலமாக வரிசையாக இருக்கும். பின்னால் நிற்கும் நூறு பேர்? 'தோழர்கள்' என்ற ஒரே சொல். கொடி பிடித்தவர் யார்? மூலையில் கைக்குழந்தையோடு நிற்கும் அந்த அம்மாள் யார்? கதவடைப்புக் காலத்தில் கஞ்சித் தொட்டி நடத்தியவர் அந்த அம்மாளாகவே இருக்கலாம். இன்னும் பத்து வருஷம் போனால் சொல்ல ஆள் இருக்காது.

ஆகவே ஒரு வேலை சொல்கிறேன். காசு செலவில்லாத வேலை.

வீட்டிலும் சங்கத்திலும் இருக்கும் பழைய படங்களை எடுத்து வையுங்கள். ஊரில் மூத்தவர்களைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் கேளுங்கள். எந்த ஊர், எந்த மில், எந்த வருஷம், என்ன போராட்டம் என்று படத்தின் பின்பக்கம் மெல்லிய பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை ஊறிப் படத்தைக் கெடுக்கும். உங்கள் ஊர்ப் பழைய ஸ்டுடியோவை மூடப்போகிறார்கள் என்றால், நெகடிவ்களைக் குப்பையில் போடுவதற்கு முன்னால் போய்க் கேளுங்கள். கையிலுள்ள போனில் எடுத்த படங்களில் முக்கியமானவற்றை அச்சுப் போட்டு வையுங்கள். போன் உடைந்தால் படமும் போகும். மில்லில் விபத்து நடந்தால், களத்தில் கூலி அளவில் தகராறு வந்தால், எடுத்த படத்தோடு தேதியும் நேரமும் அங்கே இருந்தவர்கள் பெயரும் சேர்த்து எழுதி வையுங்கள். பெயரில்லாத படம் வேடிக்கை பார்க்க உதவும். பெயரும் தேதியும் உள்ள படம் சாட்சி சொல்ல உதவும்.

தோழர்களே, உருளைக்கிழங்கைப் பயிராக்கியவன் பெயர் நமக்குத் தெரியாமல் போனது. அன்றைக்கு எழுத்தும் இல்லை, காமிராவும் இல்லை. அவனைக் குறை சொல்ல முடியாது. நமக்கு இரண்டும் இருக்கின்றன. வருகிற ஞாயிற்றுக்கிழமை இந்த வாசகசாலையிலேயே உட்காருவோம். ஆளுக்கு ஒரு படமாவது கொண்டு வாருங்கள். பென்சில் நான் கொண்டு வருகிறேன்.